பழைய கார்ட்டூன்களில் இயந்திரங்கள் ஓடும்போது வரும் இசை எந்த இசைத்தட்டில் இருக்கிறது? அதைப் போட்டவர் யார்?

நீங்கள் தேடுவது 'பவர்ஹவுஸ்'. நியூயார்க்கில் பேண்டு நடத்திய ரேமண்ட் ஸ்காட் மெட்டமைத்தது. 1937 பிப்ரவரியில் பதிவானது.

இதை நீங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டு, இது இல்லை என்று பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நிறுத்தினேன். தட்டின் ஆரம்பம் தலைதெறிக்க ஓடும் வேறொரு மெட்டு. இரும்பு உருளை ஒரே சீராகச் சுற்றுவது போன்ற அந்தப் பகுதி நடுவில்தான் வரும். ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுத்திருந்து கேளுங்கள்.

என் அப்பா மதுரையில் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டுக்கு கேபிள் வந்தது. கார்ட்டூனில் அந்த இடம் வந்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்து நிற்பார். இரண்டே நாளில் கிளாரினெட்டில் வாசித்துக் காட்டினார். "யார் போட்ட மெட்டுன்னு பாருடா" என்றார். எனக்குக் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆனது. டைட்டிலில் இசை என்று கார்ல் ஸ்டாலிங் பெயர்தான் இருக்கும், அதனால் அவருடைய இசையையே தேடிக்கொண்டிருந்தேன். 1943ல் அந்தக் கார்ட்டூன்களை எடுத்த வார்னர் நிறுவனம் ஸ்காட்டின் மெட்டுகளைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கியதும், ஸ்டாலிங் அவற்றை 100க்கும் மேற்பட்ட கார்ட்டூன்களில் எடுத்தாண்டதும் பிறகுதான் தெரிந்தது. ஸ்காட் கார்ட்டூனுக்கென்று அதை எழுதவே இல்லை.

கடைசியில் 1937 பதிவு கிடைத்தபோது அப்பாவுக்கு என் போனில் போட்டுக் காட்டினேன். ஆரம்பத்தைக் கேட்டு நான் நிறுத்தப் போனேன். "ஓடட்டும்டா, நிறுத்தாதே" என்றார். நடுப்பகுதி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் சொன்னார்: "டிவியில வந்தது பெரிய செட்டு. இது ஆறு பேர்தான்." பிறகு படித்துப் பார்த்தேன். ட்ரம்பெட், டெனார் சாக்ஸபோன், கிளாரினெட், பியானோ, பாஸ், டிரம்ஸ். ஆறேதான். குழுவுக்கு 'குவின்டெட்', அதாவது ஐவர் குழு என்று பெயர் வைத்திருந்தார் ஸ்காட், ஆனால் ஆள் ஆறு பேர். அப்பா காதாலேயே எண்ணிவிட்டார்.

கார்ட்டூனில் கேட்பது இந்தப் பதிவே இல்லை என்று யாராவது சண்டைக்கு வரலாம். ஆமாம், அது ஸ்டாலிங் பெரிய வாத்தியக் குழுவை வைத்துத் திரும்ப வாசிக்கச் செய்தது. ஸ்டாலிங்கை நான் குறைத்துச் சொல்லவும் இல்லை. கேள்வி இசைத்தட்டைப் பற்றியது, அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

ஸ்காட் நோட்டு எழுதிக் கொடுக்க மாட்டாராம். பியானோவில் வாசித்துக் காட்டுவார், மற்றவர்கள் காதால் பிடித்து மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னதும் அப்பா, "நாங்களும் அப்படித்தானே" என்றார். புதுப் படப் பாட்டு வந்தால் டீக்கடை ரேடியோவில் இரண்டு தடவை கேட்டு, அன்று சாயங்காலமே மாப்பிள்ளை அழைப்பில் வாசித்தவர்கள் அவர்கள்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அத்தை மகள் கல்யாணத்தில் ஊர்வலம் முழுக்க அப்பாதான் வாசித்தார். வீடியோ கேசட் வந்தபோது அந்த இடம் பூராவும் சினிமாப் பாட்டை ஒட்டியிருந்தார் வீடியோக்காரர். அப்பாவின் கன்னம் உப்புவது தெரிகிறது, விரல் ஓடுவது தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "பேண்டு சத்தத்தை யாருங்க கேக்கப் போறா" என்றார். அப்பா இப்போது இல்லை. முப்பது வருஷம் வாசித்தவருடைய வாசிப்பு எங்களிடம் ஒரு நிமிடம்கூட இல்லை.

சரி, உங்களுக்கு வேண்டியது 1937 பதிவுதான் என்றால், தேடும்போது 'ரேமண்ட் ஸ்காட் குவின்டெட்' என்று பார்த்து எடுங்கள். 1992ல் கொலம்பியா இசை நிறுவனம் வெளியிட்ட அவருடைய தொகுப்பிலும் இருக்கிறது. கிளாரினெட் வாசித்தவர் பெயர் பீட் பூமிலியோ.