சர்க்கரை நோயும் கருவிழி நரம்புகளும்: கேள்வி பதில்

கே: பல வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் விழித்திரையைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்றார்கள். அப்படியிருந்தும் கருவிழி கெடுமா டாக்டர்? (தேனி)

ப: கெடலாம். விழித்திரை இருப்பது கண்ணின் பின்பக்கம். கருவிழி முன்பக்கத்தில் கறுப்புப் பகுதியை மூடியிருக்கும், சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஒளிபுகும் படலம். அதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு ஏராளம். முகத்துக்கு உணர்ச்சி தரும் ஐந்தாவது மூளை நரம்பின் கிளைகள் ஓரத்திலிருந்து நுழைந்து, மேற்பரப்புச் செல்களுக்கு அடியில் மெல்லிய இழைகளாகப் பரவுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் ஒரு பகுதி சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறி நரம்பில் தேங்கும். இன்னொரு பகுதி புரதங்களோடு ஒட்டி அவற்றைக் கெடுக்கும். பாதம் மதமதத்துப் போவதும் இதே வழியில்தான். விழித்திரையில் மாற்றமே இல்லாத சிலருக்குக்கூட, கருவிழியைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் இந்த இழைகள் குட்டையாகி, கிளை குறைந்து தெரிகின்றன.

கே: கண்ணில் வலி, உறுத்தல் எதுவும் இல்லையே. நல்லதுதானே?

ப: இந்த நோயில் அதுதான் ஆபத்து. கண் சிமிட்டுவதும் கண்ணீர் சுரப்பதும் கருவிழி நரம்பு சொல்லித்தான் நடக்கின்றன. மேற்பரப்புச் செல்கள் புதிதாக வளரத் தேவையான பொருட்களையும் அந்த நரம்பு முனைகள்தான் சுரக்கின்றன. நரம்பு குறைந்தால் கண் வறளும், ஆனால் வறண்டது தெரியாது. முதலில் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகச் சேதம். அடுத்து ஆறாத புண். கடைசியில் புண் ஆழமாகி ஓட்டைகூட விழலாம்.

கே: அறுவடையில் அப்பா கண்ணில் நெல் உமி பட்டது. வலி இல்லை என்கிறார், ஆனால் சிவந்து மங்கலாக இருக்கிறது. மெடிக்கலில் சொட்டு மருந்து கொடுத்தார்கள், நாலு நாளாகப் போடுகிறார். (தஞ்சாவூர்)

ப: இன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உமி, வைக்கோல், கரும்புத் தோகை பட்ட கண்ணில் பூஞ்சைத் தொற்று நம் பக்கம் அடிக்கடி வருகிறது. நரம்பு மரத்தவருக்கு அது வலியில்லாமலேயே முற்றிவிடும். மருந்துப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். அதில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசொலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு குறைந்து குணமானது போலத் தெரியும், உள்ளே பூஞ்சை பரவும். அந்தச் சொட்டை இனி கண்ணில் போடவே வேண்டாம். தாய்ப்பால், இலைச்சாறு எதையும் ஊற்றாதீர்கள். கண்ணைத் தேய்க்கவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அங்கே புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மருந்தை முடிவு செய்வது அதுதான். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் உள்ளே போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள். இல்லையென்றாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கே: உணர்ச்சி குறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வீட்டில் பார்க்கலாமா?

ப: வீட்டில் கூடவே கூடாது. பஞ்சு நுனியைத் திரித்து, பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து கருவிழியைத் தொட்டு, கண் சிமிட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அளவு வேண்டுமென்றால் கோஷே-போனே கருவி: அதன் நைலான் இழை 60 மி.மீ. நீளத்தில் தொடங்கும், 5 மி.மீ. வீதம் குறைப்பார்கள். இழை குட்டையானால் விறைப்பு கூடும். குட்டையாக்கினால்தான் தெரிகிறது என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது. இதைக் கண்ணழுத்தம் பார்க்க மரத்துப்போகும் சொட்டு விடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். கூட்டமான ஓ.பி.யில் அந்த வரிசை மாறிவிடும், ஆகவே நீங்களே நினைவுபடுத்துங்கள். பிறகு ஃப்ளூரசின் சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தால் செல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும்.

கே: அம்மாவுக்கு அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன். எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்?

ப: ஆபரேஷனில் கீறும் இடத்தில் நரம்பு அறுபடும், சர்க்கரை உள்ளவருக்கு அது மெதுவாகத்தான் வளரும். கண் வறட்சியையும் தொடுவுணர்ச்சியையும் முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் எழுதித் தரும் கீட்டோரோலாக், டைக்ளோஃபெனாக் வகை வலி-வீக்கச் சொட்டுகளைச் சொன்ன நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். உணர்ச்சி குறைந்த கருவிழியை அவை கரைத்துவிட்டதுண்டு. முன்பு எப்போதாவது விழித்திரைக்குப் பரவலாக லேசர் வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தச் சூடும் கருவிழிக்குப் போகும் நரம்பைப் பாதிக்கலாம்.

கே: கான்டாக்ட் லென்ஸ்?

ப: உணர்ச்சி குறைந்திருந்தால் வேண்டாம். கண்ணாடியே போதும்.

கே: போன நரம்பு திரும்புமா?

ப: ஓரளவு, மெதுவாக. கணையமும் சிறுநீரகமும் சேர்த்து மாற்றப்பட்டவர்களுக்குக் கருவிழி இழைகள் மறுபடி வளர்ந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ரத்தச் சர்க்கரை சீரானதன் பலன் அது. மேற்பரப்பைக் காப்பாற்ற, பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர். ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் விடுகிறவர் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் கலந்ததைத் தவிர்க்க வேண்டும், அதுவே செல்லை அரிக்கும். புண் ஆறாவிட்டால் நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்த 20 சதவீத சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) சொட்டு, அல்லது இமைகளைக் கொஞ்ச காலம் ஓரளவு சேர்த்துத் தைப்பது. நரம்பு வளர்ச்சிப் புரதமான செனெகர்மின் சொட்டுக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது: நாளுக்கு 6 தடவை, 8 வாரம். விலை மிக அதிகம். சீரம் பெரும்பாலானவர்களுக்கு எட்டக்கூடியது, அதை முதலில் கேளுங்கள்.