வாங்கும் முன்: எட்டில் ஒரு பங்குக்கு எத்தனை சாவி?

கேள்வி: கையில் 40 லட்சம் இருக்கிறது. காரைக்குடியில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் கட்டுமா?
– வாசகர், புதுவயல்

பதில்: மாதம் 9,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 1,08,000. அதாவது 2.7 சதம். அதில் வீட்டுவரி, வெள்ளை அடிப்பு, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் ஒரு மாதம் எல்லாம் கழியும். வங்கி வைப்பு நிதியில் இதைவிடக் கூடுதலாக வரும். மனை விலை ஏறும் என்ற நம்பிக்கை இருந்தால் வாங்குங்கள், வாடகையை நம்பி வேண்டாம்.

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் எட்டில் ஒரு பங்கு 9 லட்சத்துக்கு வருகிறது. மற்ற பங்குகளையும் மெல்ல வாங்கி ஹோம்ஸ்டே நடத்தலாம் என்கிறார் தரகர். பெண்மக்களுக்குச் சீர் செய்தாகிவிட்டதாம், அவர்கள் கையெழுத்துத் தேவையில்லையாம். இறங்கலாமா?
– வாசகர், கண்டனூர்

பதில்: வேண்டாம். நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகள்தான் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றாகப் பூட்டிக் கிடக்கும். முகப்பும் பட்டாலை என்ற கூடமும் வளவும் எல்லாருக்கும் பொது. கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று ஏதாவது வந்தால்தான் அத்தனை சாவியும் ஒன்று கூடும். அந்த வீட்டில் வெளியாள் நீங்கள் ஒருவர்தான்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், கூட்டாக அனுபவிக்கும் உரிமையைக் கேட்க முடியாது என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. சரி, பாகம் பிரிக்க வழக்குப் போடுகிறேன் என்பீர்கள். போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் காட்டி, குடும்பத்தில் ஒருவர் உங்கள் பங்கை நீதிமன்றம் வைக்கும் மதிப்புக்கே வாங்கிக்கொள்ளலாம். வக்கீல் செலவு உங்களோடு போகும்.

அந்தச் ‘சீர் செய்தாகிவிட்டது’ என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வெள்ளிப் பாத்திரமும் வைரத்தோடும் கொடுத்ததற்குப் பெயர், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமா? தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்மக்களைப் பங்குதாரர் ஆக்கினார்கள், ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அடைத்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. இல்லையென்றால், பள்ளத்தூரில் வாழ்க்கைப்பட்ட 80 வயது ஆச்சியும் கையெழுத்துப் போட வேண்டும். பினாங்கில் இருக்கும் பங்காளி பவர் பத்திரம் (தனக்குப் பதில் கையெழுத்திட அதிகாரம்) அனுப்பினால், மலேசியாவில் உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தின் சான்றொப்பம் இருக்கிறதா, இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இதில் எதையும் தரகர் சொல்ல மாட்டார். அவருக்குக் கமிஷன் கிரயத்தன்றே வந்துவிடும்.

கேள்வி: பட்டா பிறகு மாற்றித் தருகிறோம், முதலில் முழுப் பணம் கொடுங்கள் என்கிறார்கள்.
– வாசகர், கோட்டையூர்

பதில்: பணமும் பிறகு தருவதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து 5 சென்ட் மனைக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். ரசீது இல்லை. இனி என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், சிங்கப்பூர் (சொந்த ஊர் கானாடுகாத்தான்)

பதில்: அனுப்புவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும். 500 ரூபாய்ச் சட்டைக்குப் பில் கேட்கிறவர்கள் மனைக்குக் கேட்பதில்லை! திட்டும் தகுதி எனக்கும் குறைவுதான். நானும் ஒரு சித்திரை மாதத்தில், கலர்க்கொடி பறந்த பொட்டலில், குளிர்ந்த மோர் கொடுத்தார்களே என்று அட்வான்ஸ் கொடுத்தவன். ஐப்பசியில் போனால் கல் ஊன்றிய இடத்தில் முழங்கால் தண்ணீர். ஆடு மேய்த்தவர் சிரித்தார்: “கண்மாய்க்குத் தண்ணி வர்ற வழியில்லங்கய்யா இது!” அந்த மனை இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. கேட்க ஆளில்லை.

முதலில், பணம் பெற்றதாக அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணைக் கேளுங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும். 30 வருட வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) ஓடை, வாய்க்கால் கோடு குறுக்கே போகிறதா என்று சர்வேயரிடம் காட்டுங்கள். ஊரில் இருக்கும் உறவினர் யாரையாவது மழை நாளில் இடத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: மாடியை மாணவர்களுக்கு விடப்போகிறேன். 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம்தானே? அட்வான்ஸ் 10 மாதம் கேட்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அது பழைய கணக்கு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டத்தில், எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தனியாக ஒப்புக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சாவி கொடுக்கும்போது மீட்டர் ரீடிங்கையும் ஃபேன்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். என் வீட்டில் ஒருவர் காலி செய்தபோது ஃபேன் மாட்டும் கொக்கிகள் மட்டும் மிஞ்சின.

கேள்வி: கணவர் இறந்து வந்த பணத்தில் 3 லட்சம் மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் ஒத்திக்கு வீடு பிடித்தேன். வெறும் முத்திரைத்தாளில் எழுதியதுதான், பதியவில்லை. இப்போது கடன் பாக்கி என்று வங்கி வந்து, வீட்டைத் தன் வசம் எடுப்பதாகச் சுவாதீன நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் போனை எடுப்பதில்லை.
– வாசகி, தேவகோட்டை

பதில்: அம்மா, உங்கள் மேல் தப்பில்லை. அடமானம் வைத்த வீட்டை மறைத்து ஒத்திக்கு விட்டது மோசடி. பதியாத ஒத்தியை வைத்து வங்கியை நிறுத்துவது கஷ்டம், ஆனால் 3 லட்சத்தை அந்த ஆளிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். வங்கி நடவடிக்கையை எதிர்க்க மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் 45 நாள்தான் கெடு. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யோசிக்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. சிவகங்கை நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். ஒத்திப் பத்திரம், பணம் கொடுத்ததற்கான பாஸ்புக் பக்கம், நோட்டீஸின் போட்டோ மூன்றையும் எடுத்துப் போங்கள். கோபத்தில் நோட்டீஸைக் கிழித்துவிடாதீர்கள், அதில்தான் தேதி இருக்கிறது.