தக்காளித் தோட்டத்திலிருந்து குழாய்ப் பட்டறைக்கு: கேள்வி பதில்

வளைந்த குழாய்களின் மேல் பாலித்தீன் தாள் போர்த்திய குடில்களுக்கு வேண்டிய பொருள்களை எங்கள் குடும்பம் விற்கிறது. அதற்கு முன்பு காய்கறி மட்டும்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: விவசாயக் குடும்பம் இந்த வியாபாரத்துக்கு எப்படி வந்தது?

திட்டம் போட்டு வரவில்லை. தக்காளி பூக்கும் நேரத்தில் மழை கொட்டி, அடுத்தடுத்து 2 பருவங்கள் கையை விட்டுப் போயின. ஒரு குடில் போட்டுப் பார்க்கலாம் என்றார் அப்பா. ஆயத்த வளைவு வாங்கப் பணமில்லை. தரையில் அரைவட்டமாக முளைகள் அடித்து, அவற்றைச் சுற்றிக் குழாயை நானும் தம்பியும் இழுத்து வளைத்தோம். பாதிக் குழாய்கள் நடுவில் நசுங்கின. அப்புறம் உருளைகள் வைத்த பழைய வளைப்பு இயந்திரம் ஒன்று கிடைத்தது. அக்கம்பக்கத்தார் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து, "எனக்கும் நாலு வளைத்துக் கொடு" என்றார்கள். ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தால் தக்காளியைவிட வளைப்புக் கூலி அதிகம். அப்பா நோட்டை மூடிவைத்தார். ஒரு வாரம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கேள்வி: பிளாஸ்டிக் குடிலை முதலில் போட்டது யார்?

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எமரி மையர்ஸ் எம்மர்ட் 1948-இல் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்திப் பார்த்தார். கண்ணாடி விலை அதிகம் என்பதுதான் காரணம். எங்கள் அப்பாவுக்குப் பிடித்த கதை இது.

கேள்வி: போர்த்திய தாள் ஒரே ஆண்டில் கிழிந்துவிட்டது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

இருக்கலாம். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் இல்லாத சாதாரணத் தாள் வெயிலில் சீக்கிரமே நொறுங்கும். சேர்மானம் உள்ள, 200 மைக்ரான் (0.2 மி.மீ.) தடிமனான தாள் பொதுவாக 4, 5 ஆண்டுகள் உழைக்கும். ஆனால் விற்றவரைத் திட்டும் முன் கிழிந்த இடத்தைப் பாருங்கள். குழாயை ஒட்டிய கோட்டிலேயே கிழிந்திருந்தால், வெயிலில் காய்ந்த இரும்புதான் தாளைத் தின்றிருக்கிறது. வளைவின் முதுகில் நுரைப்பட்டை ஒட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று தொய்வு. எங்கள் முதல் தாளைக் குளிர்ந்த காலையில் போர்த்தினோம். மத்தியானம் அது விரிந்து தொங்கியது. அன்று ராத்திரி முழுக்கக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. விடிந்தபோது கதவுப் பக்கம் முழ நீளத்துக்குக் கிழிசல். காற்றில்லாத, வெயில் ஏறிய நேரத்தில் இழுத்துக் கட்டினால் குளிர்ந்தபின் தானே இறுகும்.

கேள்வி: குடிலுக்குள் தக்காளி பூத்தும் காய் பிடிக்கவில்லையே?

உள்ளே வெப்பம் மிஞ்சினால் பூ காய் பிடிக்காது. கதவுகளைத் திறந்து வெப்பத்தை வெளியேற்றுங்கள். உள்ளே காற்று அசைவு குறைவு என்பதால் மகரந்தமும் உதிராது. வெயில் ஏறத் தொடங்கியதும் செடி கட்டிய கயிற்றை விரலால் தட்டிவிடுங்கள்.

கேள்வி: நானும் விற்க நினைக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

திருகாணியில். சிரிக்காதீர்கள். குழாயில் குறை இருந்தால் வாங்கியவர் அதை இறக்கும்போதே சொல்லிவிடுவார். 4 திருகாணி குறைந்தால், வேலையாட்களை நிறுத்திவைத்துவிட்டு நடுவயலிலிருந்து கூப்பிடுவார். இரண்டு முறை அப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, எங்கள் அம்மா திருகாணிப் பைகளை எண்ணுவதை விட்டுவிட்டுத் தராசில் நிறுக்க ஆரம்பித்தார். இன்றும் அந்தத் தராசு அவர் கையில்தான்.

கேள்வி: விவசாயத்தை அடியோடு விட்டுவிட்டீர்களா?

இல்லை. ஒரு குடிலில் இன்னும் தக்காளி நிற்கிறது. புதுச் சரக்கு எதுவானாலும் அதில் ஒரு பருவம் வெயில் தின்ற பிறகே விற்பனைக்குப் போகும். போன முறை மலிவான பி.வி.சி. கவ்விகளை மாட்டிப் பார்த்தோம். பாலித்தீனோடு பி.வி.சி.க்கு ஒத்துப்போகாது, கவ்வி பிடித்த இடமெல்லாம் தாள் நைந்தது. மிச்சமிருந்த பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.