பாராசூட்டில் குதிப்பவரும் கிளம்பும் விமானமும்: கேள்வி பதில்

கொருக்குப்பேட்டையிலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன பையன் ஒருவன், அங்கே ஸ்கைடைவிங் செய்த வீடியோவை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். அவன் குதித்துக் கொஞ்ச நேரத்தில், கீழே ஒரு சின்ன விமானம் குறுக்கே போகிறது. பக்கத்து ரன்வேயிலிருந்து அப்போதுதான் கிளம்பியதாம். வீடியோ ராயபுரம், பெரம்பூர் என்று சுற்றி வந்து, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என்னிடம் கேள்விகளாக வந்து நிற்கிறது.

கேள்வி (பையனின் அம்மா, கொருக்குப்பேட்டை): ஐயா, என் பிள்ளை மேல இருந்து வர்றது அந்த பைலட்டுக்குத் தெரியவே தெரியாதா?

பதில்: பெரும்பாலும் தெரியாதும்மா. அது அவர் அசட்டையால் இல்லை. பாராசூட் விரியும்வரை ஒருவர் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறார். 1,000 அடி இறங்க ஐந்தரை நொடிதான். மணிக்கு 460 கிலோமீட்டரில் ஏறிவரும் ஒரு ஜெட் விமானம் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு 23 நொடி. அதற்குள் விமானம் சுமார் 1,000 அடி ஏறிவிடும், ஆள் 4,000 அடிக்கு மேல் விழுந்துவிடுவார். ஆக, இந்த நொடியில் 5,000 அடி உயரே இருப்பவரோடுதான் அந்த விமானத்துக்குச் சிக்கல். பைலட் அண்ணாந்து பார்த்தால் காக்பிட் கூரைதான் தெரியும். எதிரே வரும் ஒரு விமானத்தைக் கண்டு, புரிந்து, திருப்பி, விமானமும் திரும்பி முடிய 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ கணக்குச் சொல்கிறது. விமானத்துக்கே அவ்வளவு. மேலிருந்து விழும் ஓர் ஆளைக் கண்ணால் பார்த்துத் தப்புவது அதைவிடக் கஷ்டம்.

ஒரு ஆறுதல்: அந்த அகலக் கோணக் கேமரா வீடியோவைப் பார்த்து மட்டும் எது எவ்வளவு தூரம் என்று சரியாகச் சொல்ல முடியாது. வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (இன்ஜினியரிங் மாணவர், ராயபுரம்): சார், மோதலைத் தடுக்க விமானத்தில் டிகாஸ் இருக்கே, அது கத்தாதா?

பதில்: கத்தாது தம்பி. டிகாஸ் பேசுவது இன்னொரு விமானத்தின் டிரான்ஸ்பாண்டரோடு, அதாவது கேட்டால் ரேடியோவில் பதில் அனுப்பும் கருவியோடு. குதிக்கிறவர் உடம்பில் அது கிடையாது. ராடாரிலும் மனிதரை நம்பிப் பார்க்க முடியாது. கட்டுப்பாட்டாளர் திரையில் தெரிவது ஆட்களை ஏற்றிப் போன விமானம் மட்டும்தான். அந்தப் புள்ளி 13,000 அடிவரை வட்டமடித்து ஏறும், வேகம் குறையும், அப்புறம் சடாரென்று இறங்கும். சரி, குதித்துவிட்டார்கள் என்று அதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். குதித்தவர்கள் எங்கே என்று திரையில் ஒன்றும் இருக்காது. மேலே காற்று 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) இருந்தால், ஒரு நிமிட வீழ்ச்சியில் ஆள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போய்விடுவார். பாராசூட் விரிந்த பிறகு இன்னும் சில நிமிடம் மிதக்க வேண்டும்.

கேள்வி (ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், பெரம்பூர்): ரயில்ல சிக்னல் விழாம வண்டி நகராது. ஏர்போர்ட்டுல அப்படி இல்லையா சார்?

பதில்: நீங்கள் கேட்டதுதான் விஷயத்தின் அடிப்படை. மீனம்பாக்கம் மாதிரி கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள இடத்தில் அனுமதி இல்லாமல் ஒரு விமானமும் அசையாது. ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலான சின்ன விமான நிலையங்களில் கோபுரமே கிடையாது, ஸ்கைடைவிங் நடப்பதும் அங்கேதான் அதிகம். அங்கே சிக்னல் போடுகிறவர் யாரும் இல்லை. எல்லாரும் ஒரே ரேடியோ அலைவரிசையில், ‘நான் இன்ன ரன்வேயில் கிளம்புகிறேன்’, ‘இன்னும் இரண்டு நிமிடத்தில் ஆட்கள் குதிக்கிறார்கள்’ என்று தாங்களே அறிவித்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் ரேடியோ இல்லாத பழைய விமானமும் சட்டப்படியே பறக்கலாம்.

இறங்க வருகிற பைலட் பத்து மைல் தூரத்திலிருந்தே அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டு வருவார். கிளம்புகிறவர் கதை வேறு. இன்ஜின் சோதனை, ஃபிளாப் என்ற இறக்கை மடல், ஓடுபாதை என்று கை நிறைய வேலை. மேலே ஏறியதும் சிலர் உடனே அடுத்த கட்டுப்பாட்டு நிலைய அலைவரிசைக்கு மாறிவிடுவார்கள். ‘குதித்தாயிற்று’ என்று ஆட்களை ஏற்றிப் போன பைலட் சொல்லும் குரல் அந்த நேரத்தில் பழைய அலைவரிசையில் ஒலிக்கும். இருவரும் விதிப்படிதான் நடந்தார்கள், ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், கண் பார்வையைவிட இந்த இரண்டு மூன்று நிமிட ரேடியோ இடைவெளிதான் பெரிய ஆபத்து. கிளம்புவதற்கு முன் தரையிலேயே ஒரு நிமிடம் நின்று கேட்கிற பைலட்டை நான் மதிப்பேன்.

கேள்வி (அவரே): அப்போ தப்பு யார் மேல?

பதில்: அமெரிக்க விதிகளில் 105-ஆம் பகுதி பாராசூட்டுக்கானது. குதிக்க வைக்கும் பைலட், குதிப்பவர் இருவருமே மற்ற விமானங்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. கட்டுப்பாடு மிகுந்த வான்பகுதியில் முன்அனுமதி வேண்டும். மற்ற இடங்களில், குதிப்பதற்கு 24 மணி நேரம் முன்பிலிருந்து ஒரு மணி நேரம் முன்புவரை, அந்த இடைவெளியில் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். குதிப்பதற்கு 5 நிமிடமாவது முன்னால் அந்த நிலையத்தோடு ரேடியோ தொடர்பு இருக்க வேண்டும். மேகத்துக்குள் குதிக்கக் கூடாது. அதற்காக, ரன்வேயிலிருந்து கிளம்புகிற பைலட் கைகழுவிவிட முடியாது. வரைபடத்தில் பாராசூட் குறி போட்டிருக்கும், பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

கேள்வி (திருவொற்றியூர்): நிஜமா மோதினதுண்டா?

பதில்: உண்டு. 1993-இல் மாசசூசெட்ஸில் விழுந்துகொண்டிருந்த ஒருவர் சின்ன விமானம் ஒன்றின் வாலில் மோதினார். விமானத்தில் இருந்த நால்வரும் இறந்துபோனார்கள், குதித்தவர் பிழைத்துக்கொண்டார். 2014 மார்ச்சில் ஃபுளோரிடாவில், இறங்கி ஏறும் பயிற்சியில் இருந்த செஸ்னா என்ற சின்ன விமானம் ஒன்றின் இறக்கை, தரைக்குக் கொஞ்சம் மேலே ஒரு பாராசூட்டின் கயிறுகளில் மாட்டியது. விமானம் மூக்கு குத்தி விழுந்தது. இருவருமே லேசான காயத்தோடு தப்பினார்கள். அது அதிசயம்தான்.

கேள்வி (வியாசர்பாடி, கல்லூரி மாணவி): எண்ணூர் கடற்கரையில் குதிக்க அனுமதி கிடைக்குமா சார்? காலியாத்தானே கிடக்கு.

பதில்: தரை காலியாக இருக்கலாம்மா, மேலே காலி இல்லை. தெற்கே மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம், மேற்கே அரக்கோணம் கடற்படைத் தளம், வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. நடுவில் நம் வடசென்னை. ராக்கெட் கிளம்பும் நாளில் மொட்டை மாடியில் நின்று பார்க்கிறோமே, அன்றைக்கு விமானங்களுக்கு நோட்டாம் என்ற முன்னறிவிப்புப் போய்விடும், அந்தப் பகுதியைச் சுற்றிப் போவார்கள். 2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகசத்துக்கும் மீனம்பாக்கத்தில் விமான நேரங்களை மாற்றினார்கள். ஒரு குதிப்புக்காக இத்தனையையும் நிறுத்துவது நடக்கிற காரியமா? ஹரியானாவின் நார்னௌல் மாதிரி ஒதுக்குப்புறமான இடங்களில் நடப்பதற்குக் காரணமே இதுதான்.

கேள்வி (அதே மாணவி): நோட்டாம் போட்டாச்சுன்னா பயம் இல்லையா?

பதில்: போட்டால் போதாது, போக வேண்டியவருக்குப் போய்ச் சேர வேண்டும். 2022 ஏப்ரலில் வாஷிங்டனில், பேஸ்பால் மைதானத்தில் குதிக்க ராணுவப் பாராசூட் குழுவை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் வட்டமடித்தது. அந்தத் தகவல் நாடாளுமன்றக் காவல்துறைக்குப் போகவில்லை. ஏதோ தாக்குதல் என்று நினைத்து கேப்பிட்டல் என்ற நாடாளுமன்றக் கட்டிடத்தையே காலி செய்துவிட்டார்கள். தங்கள் தரப்பில்தான் தகவல் விட்டுப்போனது என்று எஃப்ஏஏ பிறகு ஒப்புக்கொண்டது.

கேள்வி (தண்டையார்பேட்டை): அண்ணே, எங்க ஏரியா காத்தாடியால விமானத்துக்கு ஆபத்து இருக்கா?

பதில்: நம்ம ஏரியாவில் விமானம் போகிற உயரத்துக்கு உன் காத்தாடி எட்டாது. மாஞ்சா பைக்கில் போகிறவர் கழுத்தை அறுக்கும், அதைப் பற்றிக் கவலைப்படு. தடை போட்டும் விற்கிறார்கள்.

கேள்வி (புதுவண்ணாரப்பேட்டை): நான் வெளிநாடு போனா குதிக்கணும்னு ஆசை. என்ன கேட்டுக்கணும்?

பதில்: பாராசூட்டை யார் மடித்தார் என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் இன்னும் இரண்டு கேளுங்கள். குதிக்கிற நேரத்தில் அதே ரன்வேயில் வேறு விமானம் கிளம்புமா? கிளம்பினால், அவர்களோடு யார், எந்த அலைவரிசையில் பேசுகிறார்? யோசிக்காமல் பதில் சொன்னால் பணம் கட்டுங்கள். ‘அதெல்லாம் பைலட் பார்த்துப்பார்’ என்றால் வேறு இடம் பாருங்கள்.