ஓவியத்தின் கண்ணாடியில் எதிர் ஜன்னல் தெரிகிறதா?
விளக்கைக் கூட்டாதீர்கள், எதிரே இருக்கும் வெளிச்சத்தைக் குறையுங்கள். ஐந்து நீர்வண்ண ஓவியங்களில் பார்ப்பவர் முகமும் ஜன்னலும்தான் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். கூடுதல் விளக்கு போட்டும் சரியாகாததற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஜன்னல்தான். அடர்நிற ஓவியமாக இருந்தால் கண்ணாடி ஏறக்குறைய முகம் பார்க்கும் கண்ணாடியாகவே ஆகிவிடும்.

இப்படிச் சோதியுங்கள். முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை ஓவியச் சட்டத்தின் முன்பக்கத்தில் தட்டையாக ஒட்டி ஒருவர் பிடிக்கட்டும். நீங்கள் பார்வையாளர் நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். அதில் ஜன்னல் தெரிந்தால் தடித்த திரை போடுங்கள். ட்யூப்லைட் தெரிந்தால் அதை அணைத்துவிட்டு, மேலிருந்து செங்குத்துக் கோட்டுக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில் விழும்படி ஸ்பாட்லைட்டைத் திருப்புங்கள்.

திரைக்கு வழியில்லையா? சட்டத்தின் பின்னால் கயிறு கட்டும் வளையங்களைச் சற்றுக் கீழே இறக்கிக் கயிறு கட்டுங்கள். சட்டத்தின் மேல்பக்கம் முன்னால் சாய்ந்து நிற்கும். பிரதிபலிப்பு தரைப்பக்கம் இறங்கிவிடும். பழைய வீடுகளில் தாத்தா படங்கள் தொங்குமே, அதே சாய்வு.

ஒன்று மட்டும் கவனம்: நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும். அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏற்கெனவே கூட்டிய விளக்குகளை முதலில் கழற்றுங்கள்.