ஏழு நாடு வேண்டாம், இரண்டு ஊர் போதும்

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். எனக்கு 61, அவருக்கு 66. ஐரோப்பா பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு சுற்றுலா நிறுவனத்தில் 10 நாளில் 7 நாடு என்று ஆளுக்கு இரண்டரை லட்சம் கேட்கிறார்கள். “அதே காசுக்கு நீங்களே தனியாப் போய் நிதானமாப் பாத்துட்டு வரலாம்மா” என்கிறாள் மகள். இருவரும் சைவம். எனக்கு முழங்கால் வலி உண்டு. ஐந்து லட்சத்துக்குள் முடியுமா? எந்தெந்த ஊருக்குப் போகலாம்? பொடி, ஊறுகாய் கொண்டுபோக விடுவார்களா? — ஒரு வாசகி, திருச்சி.

பதில்: முடியும் அம்மா. மகள் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அந்த ஏழு நாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினால் ஐந்து லட்சம் பத்தாது, உங்கள் முழங்காலும் தாங்காது. ஐரோப்பாவில் ஊர் பார்ப்பதற்கு ஆகும் செலவு குறைவு. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாறுவதற்குத்தான் காசு கரைகிறது: ரயில், விமானம், பெட்டிக்குத் தனிக் கட்டணம், அறை திறக்கும் நேரம் வரை பெட்டியை எங்கே வைப்பது என்ற தொல்லை, வந்த களைப்பில் வீணாகும் அரை நாள். அதனால் ரோமில் ஏழு இரவு, பாரிஸில் ஐந்து இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோமில் இறங்கி பாரிஸிலிருந்து திரும்புகிற மாதிரி ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் விலை ஏறிவிடும்.

உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து, பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது. மே, ஜூனில் கூட்டமும் அதிகம், அறை வாடகையும் அதிகம். ஆகஸ்டில் ரோம் வெயில் திருச்சிக்குச் சளைத்ததல்ல. நவம்பரிலோ மார்ச் முதல் பாதியிலோ போங்கள். ஸ்வெட்டரும் குடையும் வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 

ரோமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசில்லாமல் பார்க்க அதைப் போல இன்னொரு ஊர் இல்லை. மற்ற ஊர்களில் அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டிய ஓவியங்கள் இங்கே தெருமுனைத் தேவாலயத்தில், வரைந்த காலத்தில் மாட்டிய அதே சுவரில் இருக்கின்றன. நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் பிரான்செசி என்ற தேவாலயம். உள்ளே இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோ என்ற பழைய இத்தாலிய ஓவியரின் மூன்று ஓவியங்கள், புனித மத்தேயுவின் கதை. அங்கிருந்து சில நிமிட நடையில் சான்ட் அகோஸ்தினோ, அதில் இன்னொரு கரவாஜ்ஜோ. போப்போலோ சதுக்கத்து சாந்தா மரியா தேவாலயத்தில் மேலும் இரண்டு. மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசே சிலை, கொலோசியம் என்ற பழைய அரங்கத்துக்கு அருகில் சான் பியத்ரோ இன் வின்கோலியில். எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. இருட்டாக இருந்தால் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், நாணயம் போட்டால் சில நிமிடம் விளக்கு எரியும். வேறு யாராவது போடட்டும் என்று எல்லோரும் சுவரோரம் காத்து நிற்பதைப் பார்க்கலாம். நீங்களே போட்டுவிடுங்கள், அந்தச் சில்லறையிலா சிக்கனம்! ஒன்று கவனம்: சிறிய தேவாலயங்கள் பலவற்றில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். நம்மூர்க் கோயில் மாதிரியே காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று பிரித்துப் போங்கள்.

வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்துக்கு உள்ளே போவதும் இலவசம். மைக்கேலாஞ்சலோவின் பியேத்தா, அதாவது இறந்த இயேசுவை மடியில் தாங்கிய மரியாளின் சிலை, அங்கேதான் இருக்கிறது. பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும் நீளம், அதனால் காலை ஏழரைக்கே போய் நின்றுவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. சேலையிலோ சுடிதாரிலோ போகும் உங்களுக்குக் கவலையில்லை. உங்கள் கணவரை அரைக்கால் சட்டையில் கிளம்ப விடாதீர்கள்.

டிக்கெட் வாங்கியே ஆக வேண்டியவை இரண்டு மூன்றுதான். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் 5 யூரோ. கொலோசியம் 18 யூரோ, அதே டிக்கெட்டில் எதிரே உள்ள பழைய ரோமானிய மன்றத்தையும் பலாத்தீன் குன்றையும் பார்த்துவிடலாம். இந்த டிக்கெட்டை அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள்தான், அதையே இரண்டு மடங்குக்கு விற்பார்கள். டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கேட்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் உட்பட இத்தாலிய அரசு அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம், வத்திக்கான் அருங்காட்சியகம் கடைசி ஞாயிறு இலவசம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த இலவசத்துக்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். முப்பது வயதுக்காரர்களுக்குச் சரி, உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். ரோம் தெருக்களில் ‘நசோனே’ என்ற இரும்புக் குழாய்கள் ஈராயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, 1870களில் வைக்கத் தொடங்கியவை. ராப்பகலாகக் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். காப்பி குடித்தால் கவுண்டரில் நின்று குடியுங்கள், ஒன்றரை யூரோவுக்குள் முடிந்துவிடும். அதே கோப்பையை மேசையில் உட்கார்ந்து வாங்கினால், அதுவும் சதுக்கத்தைப் பார்த்த மேசை என்றால், மூன்று நான்கு மடங்கு. கால் வலித்தால் உட்காருங்கள், அது வேறு. ஆனால் ஸ்பானியப் படிக்கட்டில் மட்டும் உட்காராதீர்கள், அபராதம் போடுகிறார்கள்.

சைவச் சாப்பாட்டுக்கு இத்தாலியில் பஞ்சமில்லை. சதுரமாக வெட்டி எடை போட்டுத் தரும் பீட்சாக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. மார்கரீத்தா கேளுங்கள். மரினாரா என்றால் சீஸே இருக்காது, தக்காளியும் பூண்டும்தான். பாஸ்தாவில் கார்போனாரா, அமத்ரிச்சியானா இரண்டிலும் பன்றி இறைச்சி உண்டு, ஜாக்கிரதை. சுப்ளி என்ற அரிசி உருண்டை பார்க்க நம்ம போண்டா மாதிரியே இருக்கும். பழைய முறைப்படி அதிலும் இறைச்சிச் சாறு சேரும், கேட்டு வாங்குங்கள். மிளகும் சீஸும் போட்ட காச்சோ எ பெப்பே என்ற பாஸ்தா நம் நாக்குக்கு ஒத்துவரும். அந்த சீஸ் ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் ஆனது. அதையும் பார்ப்பவர்கள் என்றால் அது வேண்டாம்.

தினம் பீட்சா முடியாதல்லவா? அதனால்தான் ஓட்டலுக்குப் பதில் சமையலறை உள்ள சிறு அபார்ட்மென்ட்டாக, தெர்மினி ரயில் நிலையத்துக்கும் விட்டோரியோ சதுக்கத்துக்கும் நடுவில் எஸ்குவிலினோ பகுதியில் பார்க்கச் சொல்கிறேன். அங்குள்ள சந்தையில் அரிசி, பருப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். வங்கதேசத்துக்காரர்கள் கடை நிறைய. காலையில் ஒரு சோறு வைத்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். புக் செய்யும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். ‘இரண்டாவது மாடி’ என்பது பழைய கட்டடங்களில் சாதாரண இரண்டு மாடி உயரம் அல்ல. நகர வரி ஆளுக்கு, இரவுக்கு என்று தனி, ஓட்டலென்றால் தரத்தைப் பொறுத்து 4 முதல் 10 யூரோ. இதைப் பல தளங்கள் மொத்தத் தொகையில் காட்டுவதில்லை.

ரோமிலிருந்து பாரிஸுக்கு விமானம்தான். நேர் ரயில் கிடையாது. மலிவான டிக்கெட் கண்ணில் பட்டால் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். ‘பாரிஸ் பொவே’ என்று இருந்தால் அது பாரிஸிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர். பெட்டிக் கட்டணமும் பஸ் கட்டணமும் சேர்த்தால் மலிவு மறைந்துவிடும்.

பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ ஆக்கிவிட்டார்கள். மோனாலிசாவைக் கூட்டத்தின் தலைகளுக்கு மேல் எட்டிப் பார்க்க இருவருக்கு 64 யூரோ! உங்கள் கணவருக்கு அதில் தீராத ஆசை இருந்தால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. மாநகராட்சி நடத்தும் பெத்தி பலே, கார்னவாலே என்ற இரண்டு அருங்காட்சியகங்களிலும் நிரந்தரக் காட்சிக்கு ஆண்டு முழுக்கக் கட்டணமில்லை. 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர தாம் பேராலயமும் இலவசம். ஈஃபில் கோபுரத்தைத் த்ரொகதெரோ மேட்டிலிருந்து இருட்டிய பிறகு பாருங்கள். ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மின்னும். மேலே ஏறி ஊர் பார்க்க ஆசையென்றால் கலேரி லஃபாயெத் கடையின் மொட்டைமாடி இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள்.

மெட்ரோவில் படிகள் அதிகம், பல நிலையங்களில் லிஃப்ட் இல்லை. நீங்கள் பஸ்ஸில் போங்கள். 69ஆம் எண் பஸ் ஈஃபில் பக்கமிருந்து லூவ்ர் வழியாகப் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் வரை போகிறது. மோன்மார்த் குன்றுக்குப் படியேற வேண்டாம், இழுவை ரயில் உண்டு, மெட்ரோ டிக்கெட்டே செல்லும். பஸ், மெட்ரோவுக்கான வாராந்திர நவிகோ பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். திங்கட்கிழமை போய் இறங்கினால் லாபம், வெள்ளிக்கிழமை இறங்கினால் வாங்கிப் பயனில்லை. சாம்பாருக்கு நாக்கு ஏங்கினால் லா ஷபேல் நிலையத்தைச் சுற்றி ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசையும் கிடைக்கும், வெற்றிலையும் கிடைக்கும். பக்கத்திலேயே பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம்.

விசாவுக்கு இத்தாலியிடம் விண்ணப்பியுங்கள், அதிக இரவு எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். ஆளுக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், இடம் கிடைப்பது கடினம் என்பதால் முந்திக்கொள்ளுங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத அறை எதையும் பிடிக்காதீர்கள். யூரோவை நூற்றைந்து ரூபாயாக வைத்துக் கணக்குப் போட்டால், சீசன் இல்லாத மாதத்தில் இருவருக்கும் நான்கு, நான்கே கால் லட்சத்துக்குள் அடங்கும். மிச்சம் கைக்காவல்.

பொடியும் ஊறுகாயும் தாராளமாகக் கொண்டுபோகலாம், பெரிய பெட்டியில் கசியாமல் கட்டி வையுங்கள். பால், இறைச்சிப் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை, அதனால் நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள், காய வைத்துப் பொடியில் சேர்த்துவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை.