அம்மணி கேக்கறது நல்ல வேலைதானுங்ணா, கோர்ஸுக்கு மட்டும் அவசரப்பட்டு பணங்கட்டீராதீங்க

ஏனுங்ணா, பிளஸ் டூ காமர்ஸ் முடிச்ச புள்ள பொம்பளைங்க கிரிக்கெட் லீக்ல மார்க்கெட்டிங் வேலைக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்குதுன்னு எழுதியிருந்தீங்க, மொதல்ல வெசனப்படறத விடுங்க, அது ஆசப்படறதுல தப்பே இல்லீங்க. 2023ல டபிள்யூபிஎல்னு அந்த பொம்பளைங்க லீக்க ஆரம்பிக்கறப்ப அஞ்சு டீமும் சேந்து 4,669.99 கோடிக்குப் போச்சு, அஞ்சு வருச ஒளிபரப்பு உரிமை தனியா 951 கோடி, மேட்சுக்கு 7 கோடிக்கு மேல வருதுங்க. மொத சீசன்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் ஃப்ரீ, ஏன்னா டிவில காலி கிரவுண்ட் தெரிஞ்சா எந்த ஸ்பான்சரும் பக்கத்துல வரமாட்டான், இப்புடி யோசிக்கறதுதான் உங்க புள்ள கேக்கற வேலையே. நம்ம மதுரைப் புள்ள கமலினிய 16 வயசுல மும்பை டீம் 1.6 கோடிக்கு எடுத்துச்சு, 2025 நவம்பர்ல நம்ம பொண்ணுங்க உலகக்கோப்பையும் ஜெயிச்சுட்டாங்க, இனி விளம்பரக்காரங்க சும்மா இருப்பாங்களா?

ஆனா லீக் நடக்கறது வருசத்துல ஒரு மாசம் போலத்தான், டீம் ஆபீஸ்ல நிரந்தர ஆளுங்க கம்மிதான், நெறைய வேலை ஏஜென்சிலயும் ஸ்பான்சர் கம்பெனிலயும்தான் இருக்கு. அதனால ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்னு போர்டு வெச்சு லட்சக்கணக்குல கேட்டா, போன வருசம் படிச்சவங்க இப்ப எங்க வேலை பாக்கறாங்கன்னு கேளுங்க, ரெண்டு பேர்கிட்டயாச்சும் நீங்களே பேசிப்பாத்துட்டு முடிவு பண்ணுங்க. என்னயக் கேட்டா கோயமுத்தூர்லயே பிபிஏவோ பி.காமோ சேத்துவுடுங்க. எஸ்என்ஆர் காலேஜ் கிரவுண்டுல டிஎன்பிஎல், அதான் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட், நடக்கறப்ப ஈவென்ட் பண்றவங்ககிட்ட வாலன்டியரா நிக்கட்டும். இன்னொண்ணு, நீங்க திருப்பூர்ல பனியன் கம்பெனிலதான இருக்கீங்க, லோகோ போட்ட ஜெர்சி தெக்கறதுக்கு லைசென்ஸ் எப்புடி வாங்கறாங்க, லோகோவுக்காக டீமுக்குக் குடுக்கற ராயல்டி எவ்ளோ, பொண்ணுங்க அளவுக்குத் தனி கட்டிங் போடறாங்களான்னு உங்க கம்பெனில ஆர்டர் பாத்துக்கற மெர்ச்சண்டைசர்கிட்ட ஒக்காந்து கத்துக்கட்டும், மெட்ராஸ்ல படிக்கற புள்ளைங்களுக்கு இது அமையாது.

நைட்டு மேட்ச் முடிஞ்சு எப்புடி வரும்னு அவங்கம்மா பயப்படறது நியாயந்தான். வேலைல சேரறப்ப வீட்டுக்கு உடறதுக்கு கார் உண்டா, எங்க தங்க வெக்கறாங்கன்னு மெயில்ல எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க, தரமாட்டேன்னா அந்த எடமே வேண்டாமுங்க.